மந்தைப் பாதையில் ஒரு சீட்டிச் சத்தம்

பொழுது சாய்ந்து, இருட்டு இன்னும் முழுதாக இறங்காத நேரம். மேட்டுப் புல்வெளிக்கும் கீழ்ப் புல்லுக்கும் நடுவே போகிற பழைய மந்தைப் பாதை. ஆளும் மாடும் அதில் நடந்து வருடக்கணக்காகிறது. இரண்டு பக்கமும் இடுப்பளவு காய்ந்த புல். காற்று அடித்தால் சர்ர்... என்று ஒரு சத்தம். காற்று நின்றால் அதுவும் இல்லை.

அந்தப் பாதையில் ஒரு பெண், கையில் டார்ச் லைட்டோடு, தன்னந்தனியாக நடந்துகொண்டிருக்கிறார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் இதைச் சத்தம் போட்டுச் சொல்லப் போவதில்லை.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, நம் கூட்டாளி சோடாபுட்டியின் அத்தை. அவனுடைய அப்பாவோடு கூடப்பிறந்தவர். இன்றைக்கு அவன் வரவில்லை, அதனால்தான் நான் வாயைத் திறக்கிறேன். அவன் இருக்கும்போது யாராவது சீட்டி அடித்தால்கூட முகம் வெளுத்து எழுந்து போய்விடுவானே, கவனித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான்.

அவர்களுடையது பரம்பரை பரம்பரையாக மந்தை ஓட்டிய குடும்பம். மழை முடிந்தால் மாடுகளை மேட்டுப் புல்லுக்கு ஓட்டுவார்கள். வெயில் ஏறினால் கீழ்ப் புல்லுக்கு இறக்குவார்கள். நடுவில் ஒரு தடவை சந்தை. எல்லாம் நடைதான். பெட்டி படுக்கையெல்லாம் குதிரை மேல், ஆள் மாட்டுக்குப் பின்னால். சோடாபுட்டியின் அப்பா, அந்தப் புழுதி ஒத்துக்கொள்ளாமல் சின்ன வயதிலேயே டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டார். மந்தையோடு மிஞ்சியவர்கள் இரண்டு பேர். அத்தை. அத்தைக்குத் தம்பி.

தம்பியை எல்லோரும் சீட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதோ ஒரு கன்றுக்குட்டி உதைத்ததில் முன்பல் பாதி உடைந்துபோனது. அதனால் அவன் அடிக்கிற சீட்டியின் கடைசியில் ஒரு இஸ்ஸ்... என்று காற்று கசியும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, பிறகு அந்தக் கசிவு. அதைக் கேட்டால் மலைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடுகூடத் தலையைத் தூக்கும். நாய் வேண்டாம், கம்பு வேண்டாம். அவன் முன்னால் சீட்டி அடித்துக்கொண்டே நடப்பான், மந்தை பின்னால் வரும்.

அத்தை கட்டிக்கொண்டது ஒரு லாரிக்காரரை. மாடு ஏற்றுகிற லாரி. வாட்டசாட்டமான ஆள், பேச்சில் தேன் ஒழுகும். மாட்டை ஏற்றுவார், இறக்குவார். அதற்குமேல் மாட்டோடு ஒட்டு உறவு கிடையாது. மாடுகளுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. டீசல் வாடை அடித்ததும் மிரண்டு விலகும். ஆனால் சீட்டிக்கு மச்சான் என்றால் உயிர். மச்சான் சொன்னால் அது வேதம்.

ஒரு வருடம், மந்தையை மேட்டிலிருந்து இறக்குகிற நேரம் வந்தது. கிழடு தட்டியவற்றைச் சந்தையில் தள்ளிவிட்டு, மீதியைக் கீழ்ப் புல்லில் விடவேண்டும். அதற்குள் ஊரில் எல்லோரும் லாரிக்கு மாறியிருந்தார்கள். மலைக்கு மறுபக்கம் தார் ரோடும் வந்துவிட்டது. சீட்டி மட்டும் கேட்கவில்லை.

"லாரில ஏத்தினா பாதி மாடு கால் ஒடிஞ்சு இறங்கும். நம்ம அப்பா ஓட்டிட்டுப் போன பாதை இருக்கு, அக்கா. நானும் நடத்தியே கூட்டிட்டுப் போறேன்."

எப்போதும் கிண்டலடிக்கிற லாரிக்கார மாமா அன்றைக்குக் கிண்டலடிக்கவில்லை. "தனியா எதுக்கு? நானும் துணைக்கு வரேன் மாப்பிள்ளே" என்றார். அத்தைக்கு மனசு குளிர்ந்துபோனது. இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, வேலிக் கதவு வரை வந்து வழியனுப்பினார். மந்தை போய் மறைந்த பிறகும் புழுதி அடங்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கால் வீங்கி நடக்கமுடியாத ஒரு கிடேரி மட்டும் வீட்டோடு நின்றது. ஒரு கொம்பு கோணலாக முளைத்த கிடேரி. கோணக்கொம்பு என்று பெயர்.

மாமா மட்டும் திரும்பி வந்தார். தனியாக.

சட்டை தோள்பட்டையிலிருந்து கிழிந்து தொங்கியது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"உன் தம்பி நம்மளை ஏமாத்திட்டான். சந்தைல ஒரு வியாபாரிகிட்ட மொத்த மந்தையையும் பேசி முடிச்சுட்டான். தடுக்கப் போனேன். என் சட்டையைப் பிடிச்சுக் கிழிச்சு, தள்ளிவிட்டுட்டு, ரயிலேறிப் போயிட்டான்."

அத்தை அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தூக்கி வளர்த்த தம்பி. கூடப்பிறந்தவனே கழுத்தை அறுத்தால் மற்றவரை நொந்து என்ன பயன்? அவனுடைய போர்வையைக் கொண்டுபோய் நாய்க்கு விரித்தார். குடும்பப் போட்டோவில் அவன் நின்ற பக்கத்தை மடித்து வைத்தார். யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் பிறக்கவே இல்லை" என்பார். அந்தக் கிழிந்த சட்டையைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார். தோள்பட்டையில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருந்தது. வேறு துணி வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

மறுவருடம் மாமாவுக்குப் புது லாரி வந்தது. தெரிந்த முதலாளி தவணைக்குக் கொடுத்தார் என்றார். மனுஷன் நமக்காக மாடாய் உழைக்கிறார் என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. மந்தை இல்லாத வீட்டில் வேறு யாரோ கொடுத்த நாலு மாடுகள், அவற்றோடு கோணக்கொம்பு. மாமாவிடம் மட்டும் ஒரு பழக்கம் வந்திருந்தது. பொழுது சாய்ந்தால் ரேடியோவைச் சத்தமாகத் திருகி வைப்பார். பாட்டோ செய்தியோ, எதுவானாலும் காது கிழியவேண்டும். அப்புறம் இன்னொன்று. பழைய மந்தைப் பாதைப் பக்கம் அத்தையைப் போக விடமாட்டார். "மண்ணு சரிஞ்சு கிடக்கு. பாம்பு வேற. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்பார். நம் மேல் எவ்வளவு அக்கறை என்று அத்தைக்குப் பெருமை.

அந்த வருடம் கோணக்கொம்புக்கு என்னவோ ஆனது. இருட்டுகிற நேரம் வந்தால் தீவனத்தை விட்டுவிட்டு எழுந்து நிற்கும். மலைப் பக்கம் திரும்பும். காதை விறைத்துக்கொண்டு... அசையாது. வால்கூட ஆடாது. மற்ற மாடுகளும் மென்றுகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ம்ம்மா..." என்று அடித்தொண்டையில் ஒரு பதில். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல.

ஒருநாள் சாயங்காலம் அது முள்கம்பி வேலியை நெஞ்சால் முட்டி அறுத்துக்கொண்டு போய்விட்டது.

மாமா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. எழுப்பினால் வேண்டாம் என்பார். அது சினை மாடு, ராத்திரி வெளியில் கிடந்தால் நரி விடாது. அத்தை டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலிக் கம்பியில் ரத்தம், கொஞ்சம் மயிர். அங்கிருந்து குளம்புத் தடம் நேராகப் போனது. எங்கே? பழைய மந்தைப் பாதைக்கு.

இதோ, நாம் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம். அத்தை நடக்கிறார். புல் சர்ர்... என்கிறது.

பாதை எங்கேயும் சரிந்திருக்கவில்லை. அதுதான் முதலில் அத்தைக்கு உறைத்தது. மாடுகள் மிதித்து மிதித்து இறுகின மண், கல் போல, அப்படியே கிடந்தது. இருட்டு நன்றாக இறங்கிவிட்டது. ரேடியோ சத்தம் பின்னால் தேய்ந்து தேய்ந்து... நின்றுபோனது.

அப்போதுதான் அந்தச் சீட்டி கேட்டது.

நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. கடைசியில்... இஸ்ஸ்.

பயந்தாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. அத்தைக்கு வந்தது கோபம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்த கோபம். திரும்பி வந்துவிட்டான் திருடன்! மிஞ்சின ஒரு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான்! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சத்தம் வந்த திசையில் ஓடினார்.

பாதை ஓரிடத்தில் ஓடைப் பள்ளத்தை ஒட்டிப் போகும். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டான பள்ளம். சுவர் போல நேராக இறங்கும். அதன் விளிம்பில் கோணக்கொம்பு நின்றுகொண்டிருந்தது. தலையைக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டு. மூக்கிலிருந்து புஸ்... புஸ்... என்று ஆவி.

சீட்டிச் சத்தம் கீழேயிருந்து வந்தது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா வந்தே?" அத்தை விளிம்பில் நின்று கத்தினார். "வித்தது பத்தாதா? இதையும் ஓட்டிட்டுப் போக வந்தியா?"

சீட்டி நின்றது.

"அக்கா?" அதே குரல். கொஞ்சம் வறண்டிருந்தது. "நீயா வந்தே? மச்சான் உன்னையா அனுப்பினார்?"

"அவர் எதுக்குடா என்னை அனுப்பணும்? மந்தையை வித்துட்டு ஓடிப்போன நாய்கிட்ட அவர் எதுக்கு ஆள் அனுப்பணும்?"

கீழே ஒரு சிரிப்பு. சின்ன வயதில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"என்னக்கா உளர்றே? மந்தை மேலதானே நிக்குது. ஒரு கன்னுக்குட்டி சறுக்கி உள்ள விழுந்துடுச்சு. தூக்கலாம்னு இறங்கினேன், கால் மடங்கிப்போச்சு. எலும்பு வெளிய வந்துடுச்சுக்கா. மச்சான்தான் இறங்கி வந்து, சட்டையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டார். 'அசையாம இரு மாப்பிள்ளே, ஆள் கூட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போனார். இப்பத்தான். நேத்து... நேத்துதான் போனார்."

அத்தை விளிம்பில் இன்னும் ஓரடி முன்னால் நகர்ந்தார்.

"கன்னுக்குட்டி பக்கத்துலதான் படுத்திருக்கு" என்றான் அவன். "கத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப கத்தலை. தூங்குது போல."

அத்தை டார்ச்சைக் கீழே அடித்தார்.

கல். மண். காய்ந்த முள். அப்புறம் வெள்ளையாக... ஒரு குவியல். பக்கத்தில் சின்னதாக இன்னொரு குவியல், நாலு குட்டிக் குளம்புகளோடு. பெரிய குவியலில் ஒரு கால் எலும்பு நடுவில் முறிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு துணி. மக்கிப்போய், நிறம் வெளுத்துப்போய்... ஆனாலும் கட்டம் போட்ட துணி என்று தெரிந்தது. தோள்பட்டைக்கு ஒட்டுப்போடும்போது அந்தக் கட்டத்துக்குப் பொருத்தமாகத் துணி தேடி அத்தை அலைந்திருக்கிறார். அது எப்படித் தெரியாமல் போகும்?

விளக்கு வெளிச்சம் மெல்ல மேலே நகர்ந்து, மண்டையோட்டின் மேல் விழுந்தது. முன்பல் பாதி இல்லை.

"அக்கா... லைட்டை மூஞ்சில அடிக்காதேக்கா. கண்ணு கூசுது."

டார்ச் கையைவிட்டு நழுவியது. டங்... டங்... என்று கல்லில் மோதிக்கொண்டே போய் அணைந்தது.

இருட்டில் அத்தை அப்படியே விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரவில்லை. எத்தனை தடவை சொல்லியிருப்பார், தம்பி என்று ஒருத்தன் பிறக்கவே இல்லை என்று? அந்தச் சொல்லெல்லாம் காற்றோடு இங்கே வந்து இவன் காதில் விழுந்திருக்குமோ? சீட்டி எட்டுகிற தூரத்தில்தான் கிடந்திருக்கிறான். கத்தியிருப்பான். சீட்டி அடித்திருப்பான். உதடு வெடிக்கிறவரை அடித்திருப்பான். அங்கே வீட்டில்... ரேடியோ.

கீழேயிருந்து குரல் வந்தது. தயங்கித் தயங்கி.

"எனக்கு ஒரே பயமா இருக்குக்கா."

"என்னடா பயம்?"

"மச்சானுக்கு வழியில ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு. அவருக்கு இந்தப் பாதை பழக்கமில்லை பாரு. எங்கேயாவது விழுந்து கிடக்கப் போறார். என்னைப் பார்க்கறதை விடுக்கா. முதல்ல போய் அவரைத் தேடு. நல்ல மனுஷன்கா. போகும்போது எனக்குக் குடிக்கத் தண்ணி கேட்டேன். தோல்பையைக் கொடுத்துட்டுதான் போனார். வழியில குடிக்க அவருக்குன்னு எதுவும் எடுத்துக்கலை."

அப்போதுதான் அத்தைக்கு நெஞ்சு வெடித்தது. தன் கணவன் செய்ததைவிட, இவன் இன்னும் அதை அறியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. செத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. நம்பிக்கொண்டே செத்திருக்கிறான், செத்தபிறகும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். 'சரிடா, நான் போய்ப் பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவன் பாட்டுக்கு அங்கேயே காத்துக்கிடந்திருப்பான், உலகம் முடிகிறவரை. சொல்லத்தான் வேண்டுமா என்று அத்தை வெகுநேரம் யோசித்தாராம். கோணக்கொம்பின் வயிறு மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டு யோசித்தாராம்.

பிறகு சொன்னார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலைடா. வீட்டுலதான் இருக்கார். சாப்பிட்டுட்டுத் தூங்கறார்."

"வந்துட்டாரா? எப்போ வந்தார்?"

"அப்பவே வந்துட்டார்."



புல் அசையவில்லை. மாடு மூச்சுவிடவில்லை. அவ்வளவு பெரிய வெளியில் ஒரு பூச்சி கத்தவில்லை.

"மந்தை?" என்றது குரல். இப்போது அது சின்னக் குரலாக இருந்தது.

"வித்துட்டார்."

அப்புறம்... கீழே ஒரு கல் உருண்டது. இன்னொன்று. சரக்... என்று மண்ணைக் கை பிறாண்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி சரக்... ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, யாரோ ஏறுகிறார்கள். அத்தைக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை.

சூடு போடும்போது மாட்டு மயிர் பொசுங்குமே, அந்த வாடை வந்தது. பழைய தோல் நனைந்த வாடை வந்தது. அத்தையின் இடது தோளை ஒட்டி ஒரு குளிர், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு குளிர், கடந்து போனது. போகும்போது காதருகில்:

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்கா. நீ இங்கேயே இரு."

கோணக்கொம்பு தலையைத் திருப்பியது. எதையோ கண்ணால் தொடர்ந்தது. பிறகு, முன்னால் ஆள் நடந்தால் எப்படிப் போகுமோ அப்படி, நிதானமாக வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

அத்தையால் எழுந்திருக்க முடிந்தது கிழக்கு வெளுத்த பிறகுதான். சேலை முழுக்கப் பனி. எலும்புகள் கீழே அப்படியேதான் கிடந்தன. ஒன்றும் நகரவில்லை. எல்லாம் பிரமையோ என்று ஒரு கணம் நினைத்தாராம். திரும்பி ஓரடி வைத்திருப்பார்.

"யாரது? யார் மேல?"

கீழேயிருந்துதான். ஆனால் தம்பியின் குரல் இல்லை.

"இந்தா... நீதானா? நான் எப்படி இங்க வந்தேன்? கால்... ஐயோ, என் கால்! தண்ணி... தண்ணி குடு!"

மாமாவின் குரல்.

அத்தை எட்டிப் பார்க்கவில்லை. பதில் சொல்லவில்லை. சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, நேராக வீட்டுக்கு நடந்தார். அந்தக் குரல் பாதித் தூரம் கூடவே வந்ததாம்.

வீட்டில் ரேடியோ அணைந்திருந்தது. தொழுவத்திலிருந்து சர்... சர்... என்று பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம். அத்தை போய்ப் பார்த்தார். மாமா முக்காலியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். மாமாதான். அதே கை, அதே தொந்தி, அதே வழுக்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாட்டின் மடியைத் தொட்டதில்லை அந்த ஆள். டீசல் வாடைக்கு மிரளுகிற மாடு, அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு அசைபோட்டது. கோணக்கொம்பு அவர் முதுகுக்குப் பின்னால் படுத்திருந்தது.

அத்தையின் காலடி கேட்டு அவர் நிமிர்ந்தார். இடது காலை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கேக்கா போயிட்டே? விடிஞ்சதுலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்."

அத்தை என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அலறினாரா? ஓடினாரா? ஒன்றுமில்லை. பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வா, பசியோட இருப்பே" என்றார். அவ்வளவுதான்.

ஊரில் பக்கவாதம் என்றார்கள். டாக்டர் வந்து பார்த்து, மூளையில் ரத்தம் கட்டியிருக்கும், பழசெல்லாம் மறந்திருக்கும் என்றார். லாரி ஓட்டத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தால் எதற்கு என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டின பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடுகிறாரே என்று அக்கம்பக்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு பரிதாபப்பட்டார்கள். அத்தை அவருக்கு முன்னறையில் தனிக் கட்டில் போட்டுக் கொடுத்தார். லாரி மழையில் நின்று துருப்பிடித்தது. மாடுகள் மட்டும் பெருகின. அவர் வாசலில் நின்று சீட்டி அடித்தால் எங்கே மேய்ந்தாலும் வந்து நிற்கும். மாமாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் முழுசு. ஆனாலும் சீட்டியின் கடைசியில் அந்த இஸ்ஸ்... இருக்கும்.

இதெல்லாம் சோடாபுட்டிக்கு எப்படித் தெரியும்? அத்தையேதான் சொல்லியிருக்கிறார். போன வருடம் அவன் வேன் வாங்கினான் அல்லவா, அதைக் காட்டலாம் என்று அத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் அத்தை, "மலைப் பக்கம் ஒரு நடை கூட்டிட்டுப் போறியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். கிளம்பும்போது மாமா வாசலில் உட்கார்ந்து ஒரு கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பழைய பாதையில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போனது. போகிற வழியில்தான் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். சாதாரணமாக, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்வது போல. பள்ளத்துக்கு அருகில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். விளிம்பில் ஒரு இடம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

இவன் பக்கத்தில் போய் நின்றான். "அத்தை... அந்த எலும்பை எடுத்து அடக்கம் பண்ணிடலாமே? பாவம் இல்லையா?"

அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்தா ரெண்டு பேரும் போயிடுவாங்கப்பா."

இருட்டத் தொடங்கியது. கீழே ஒரு கல் உருண்டது.

"மருமகனே..." கரகரத்துப்போன குரல், ஆனால் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். "மருமகனே, உன் குரல்தானே அது? நீயாவது ஒரு வாய் தண்ணி ஊத்துடா. இவ தினமும் வர்றா. வந்து உக்காந்து கேட்டுட்டுப் போயிடறா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. மருமகனே..."

இவன் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகக் கை போனது. அத்தை அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார். முழங்காலில் கையூன்றி எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டார்.

"வண்டியை எடுப்பா, நேரமாச்சு" என்றார். "நான் போகாம தம்பி சாப்பிட மாட்டான்."